‘புதைகுழி’ என்னும் சொல் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலையில் திடீரென விழும் பள்ளங்களைச் செய்தித்தாள்கள் ‘புதைகுழி’ என்று எழுதுவதை அண்மைக்காலமாகக் கவனித்து வருகிறேன். ஆங்கிலத்தின் ‘சிங்க்ஹோல்’ என்பதற்கு ஈடாக இச்சொல்லை எடுத்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் இராமநாதபுரம் கடற்கரையில் புதைகுழி என்றால் காலை உள்ளே இழுக்கும் சேறு, அல்லது இறந்தோரை அடக்கம் செய்யும் குழி.

ஆங்கிலச் சொல்லுக்கே பொருள் ஒன்றன்று. முதலில் அது கழிவுநீர் இறங்கும் குழியைக் குறித்தது. நம் அடுப்படியில் பாத்திரம் கழுவும் ‘சிங்க்’ அதே வேர்ச்சொல்தான். நிலவியலார் அதனைப் பிற்காலத்தில் எடுத்துக்கொண்டனர். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகி, சுண்ணாம்புப் பாறையை நெடுங்காலம் கரைத்து, அதனால் உண்டான பொந்தின் கூரை ஒருநாள் பாரம் தாங்காமல் இடிந்தால், அதுவே அவர்கள் கூறும் குழி. 2010-இல் குவாத்தமாலா நகரில் சுமார் 20 மீட்டர் அகலத்துக்கு நிலம் விழுந்தபோது உலகமே அதனை அப்பெயரால் அழைத்தது. அங்கிருந்தது எரிமலைச் சாம்பல் படிவு, ஆகவே அப்பெயர் பொருந்தாது என்று நிலவியலார் மறுத்தனர். சென்னை அண்ணா சாலையில் 2017 ஏப்ரலில் பேருந்தும் காரும் இறங்கிய பள்ளமோ, மெட்ரோ ரயில் சுரங்கப் பணியின்போது நேர்ந்தது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்து பல வாரம் கசிந்து, அடிமணலை அரித்துக்கொண்டு போக, ஒரு காலையில் தண்ணீர் லாரியின் பின்சக்கரம் தரைக்குள் இறங்கியது. பார்வையிட வந்த அதிகாரி, “கடற்கரை மண், புதைகுழி விழத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டுப் போனார். கசிவைப் பற்றி முன்பே மனுக் கொடுத்தவர்கள் அங்கேயே நின்றிருந்தோம். அந்த ஒரு சொல் பழியைக் குழாயிலிருந்து எடுத்து மண்ணின் மேல் போட்டுவிட்டது.

தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டி நன்னீர் எடுப்பது ஊற்று. ஊரார் குடிக்கத் தேக்குவது ஊருணி. வயலுக்குப் பாய்ச்சத் தேக்குவது கண்மாய். குழியின் பயனறிந்து பெயரிட்ட மக்கள் நாம். பாறை கரைந்து விழுவதற்குக் ‘கரைவுக்குழி’ எனலாம். (‘கரைகுழி’ என்றால் இங்கே கடற்கரைக் குழி என்றே கொள்வார்கள்.) மனிதர் வேலையாலோ கவனக்குறைவாலோ விழுந்ததற்குச் ‘சாலை உள்வாங்கியது’ என்ற தொடரே போதும், பாம்பனில் கடல் உள்வாங்கிய செய்தியைப் படித்துப் பழகியவர்களுக்கு அது எளிதில் விளங்கும்.

அடுத்த முறை இத்தகைய செய்தி வரும்போது, பள்ளத்தின் அகலத்தோடு அதன் அடியில் ஓடிய குழாய் எது, அது எப்போது கடைசியாகப் பழுதுபார்க்கப்பட்டது என்பதையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.