சுண்டல் டப்பாவைத் திருப்பி அனுப்பாதீர்கள்

மதிப்புக்குரிய தலைமையாசிரியர் அம்மா அவர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் வணக்கம்.

என் மகள் உங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். நான் பஸ் கண்டக்டர். போன வாரம் அவள் கொண்டுபோன மூக்கடலைச் சுண்டல் கை படாமல் வீடு திரும்பியது. "முதல் இடைவேளைக்கு உலர்ந்த தின்பண்டம் மட்டுமே" என்ற சுற்றறிக்கையைச் சொல்லி, டப்பாவை மூடிவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பசி தாங்காமல் தோழியிடம் பத்து ரூபாய் கடன் வாங்கி, பள்ளிக் கேன்டீனில் கிரீம் பிஸ்கட் வாங்கித் தின்றிருக்கிறாள். சாயங்காலம் டப்பாவைத் திறந்தபோது சுண்டல் ஊசிப்போயிருந்தது. அதைக் கொட்டிவிட்டு வந்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன்.

சுற்றறிக்கையின் காரணம் எனக்குப் புரிகிறது. நோட்டில் எண்ணெய் படும், தரையில் சிந்தும், கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்கு வேலை இரட்டிப்பாகும். நியாயம்தான். ஆனால் "உலர்ந்தது" என்று எழுதியதும் எல்லா வீடுகளிலும் கை தானாகப் பிஸ்கட் பொட்டலத்துக்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்கும் போய்விட்டது. அந்தப் பொட்டலத்தின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். கிரீம் பிஸ்கட் பலவற்றில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. புரதம் ஐந்தாறு கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட கணக்குப்படி, 10 முதல் 12 வயதுப் பெண் பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 33 கிராம் புரதம் வேண்டும். காலையில் இரண்டு இட்லி, மதியம் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் என்று போகிற நாளில் அந்த 33 எங்கிருந்து வரும்? ஒரு கைப்பிடி வேர்க்கடலையில், அதாவது 30 கிராமில், ஏறக்குறைய 7 கிராம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6. உலர்ந்த மூக்கடலை 25 கிராமை ஊறவைத்து அவித்தால் ஏறக்குறைய 5 கிராம் கிடைக்கும். கிலோ நூறு ரூபாய் என்று வைத்தாலும் அதற்கு ஆகும் செலவு இரண்டரை ரூபாய்.

இதை நான் என் உடம்பில் கற்றேன். விடியற்காலை நாலரை மணிக்கு முதல் டிரிப். உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடையாது. பல வருடம் டீயும் பன்னும்தான். பத்து மணி வாக்கில் கை நடுங்கும். சில்லறை எண்ணும்போது தப்பு வரும். பயணிகளிடம் எரிந்து விழுவேன். பிறகு என் மனைவி பொட்டுக்கடலையும் வறுத்த வேர்க்கடலையும் கலந்து, டிக்கெட் பையின் பக்க அறையில் ஒரு பொட்டலமாகப் போட்டுவிட ஆரம்பித்தாள். இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே நின்றபடியே மெல்லலாம். கை பிசுபிசுக்காது, டிக்கெட்டில் கறை படாது. மதியம் வரைக்கும் தாங்குகிறது. வேலைக்கு ஓடுகிற பெற்றோர்களே, உங்கள் பைக்கும் இதையே சொல்வேன்.

சுண்டலும் உலர்ந்த தின்பண்டமாகும், செய்கிற விதத்தில் செய்தால். இரவு ஊறவைத்த கடலையை உப்புப் போட்டுக் குக்கரில் வேகவைத்து, தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, கடலையைப் போட்டு ஈரம் வற்றும்வரை வாணலியில் புரட்ட வேண்டும். தேங்காய் போடக் கூடாது. முதலில் கெடுவது அதுதான். பிறகு ஒரு தட்டில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். அவசரத்தில் சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வேர்த்து, அந்த நீர் கடலையில் இறங்கி, சீக்கிரம் ஊசிப்போகும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் சுற்றறிக்கையில் எழுதுங்கள். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

முட்டைக்கு மணம் என்று மறுப்பு வருமென்று தெரியும். அவித்து ஓட்டோடு அனுப்பி, முதல் இடைவேளையிலேயே சாப்பிட்டுவிட்டால் தொல்லை இல்லை. சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட வேண்டாம். அரசுப் பள்ளிகளில் சத்துணவோடு முட்டை கொடுக்கிறார்கள், பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டு. சிலருக்கு அது உயிருக்கே ஆபத்து. வகுப்புவாரியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அப்படிப்பட்ட பிள்ளை இருக்கும் வகுப்பில் வேர்க்கடலையை நிறுத்துங்கள். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு முழுக் கடலை எதுவும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். பொட்டுக்கடலையை மாவாக்கி, நெய்யும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டை அவர்களுக்குப் போதும்.

கேன்டீனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. சுண்டலுக்குத் தடை, கிரீம் பிஸ்கட்டுக்குக் கடை என்பது எந்தப் பிள்ளைக்கும் நல்லதல்ல. பிஸ்கட் அடுக்கிய அதே தட்டில் வறுகடலைப் பொட்டலம் வையுங்கள். வாரம் ஒரு நாள் இனிப்பு வேண்டுமென்றால் கடலை மிட்டாய் இருக்கிறது. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி மிட்டாயில் வெல்லப்பாகு சேர்ந்தாலும், நிறைந்திருப்பது வேர்க்கடலை.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். சுற்றறிக்கையில் "உலர்ந்த" என்பதை அடித்துவிட்டு "சிந்தாத, எண்ணெய் வடியாத" என்று மாற்றுங்கள். சுண்டல், பயறு, கடலை, முட்டை என்று பெயர் சொல்லி அனுமதியுங்கள். இடைவேளையை ஐந்து நிமிடம் நீட்ட முடிந்தால் இன்னும் நல்லது. மெல்ல வேண்டிய தீனி இது. மணி அடிக்கும் பயத்தில் விழுங்கக் கூடாது.

அடுத்த கழகக் கூட்டம் நடக்கும் சனிக்கிழமை எனக்கு ஓய்வு நாள். அன்று காலை ஆறு மணிக்குக் கட்டிய சுண்டல் டப்பா ஒன்றைக் கொண்டுவருகிறேன். பத்தே முக்காலுக்கு உங்கள் மேசைமேல் வைத்துத் திறக்கிறேன். அடியில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து வையுங்கள். கறை பட்டால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு மாணவி ஒருவரின் தந்தை