வட்டார வரலாற்றுக் குழு: 2025 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வடகிழக்கு இங்கிலாந்தின் நகரங்களையும், நம் ஊர் மாவட்டம் போன்ற கவுண்டிகளையும் இந்த ஆண்டு சேர்ந்து படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். நம்மில் பலர் நியூகாசிலில் இருக்கிறோம். மற்றவர்கள் கேட்ஸ்ஹெட், சண்டர்லாந்து, டர்ஹாம் பக்கம். "நாம எந்தக் கவுண்டி?" என்று பிள்ளைகள் கேட்டால், வீட்டுக்கு வீடு பதில் மாறியது.

அதிக நேரம் பேசியதும் இதைப் பற்றித்தான். டைன் ஆறுதான் பழைய எல்லை: வடகரை நார்தம்பர்லாந்து, தென்கரை டர்ஹாம். 1974 ஏப்ரல் 1 அன்று இரு கரைகளையும் சண்டர்லாந்தையும் சேர்த்து 'டைன் அண்ட் வியர்' என்ற புதுக் கவுண்டியை உருவாக்கினார்கள். அதன் கவுன்சிலை 1986-இல் கலைத்தார்கள். ஆனாலும் பெயர் போகவில்லை. நாம் தினமும் ஏறும் மெட்ரோவிலும் தீயணைப்பு வண்டியிலும் இன்றும் இருக்கிறது. கேட்ஸ்ஹெட்டில் பிறந்து வளர்ந்த ஒரு முதியவர் தன் ஊரை டர்ஹாம் என்று சொன்னால், யாரும் திருத்தப் போக வேண்டாம் என்பது என் கருத்து. அவர் சொல்வதில் பல நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

நியூகாசிலின் கதை இன்னும் சுவையானது. 1400-இல் நான்காம் ஹென்றி அதைத் தனிக் கவுண்டியாக்கினார். அப்படியிருந்தும் நார்தம்பர்லாந்தின் கவுண்டி அலுவலகம் 1981 வரை நியூகாசிலுக்குள்ளேயே இயங்கியது. அப்புறம்தான் மார்பெத்துக்குப் போனது.

டர்ஹாமுக்குக் குடும்பங்களோடு போய்வந்தோம். வியர் ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த மேட்டில், 1093-இல் கட்டத் தொடங்கிய பேராலயம் நிற்கிறது. ஸ்காட்லாந்து எல்லை அருகில் என்பதால், இங்கிருந்த ஆயருக்கு நாணயம் அச்சிடவும் படை திரட்டவும்கூட அதிகாரம் இருந்தது. 1836-இல்தான் அந்த ஆட்சியுரிமை அரசருக்குத் திரும்பியது. அந்த மேட்டில் நின்று ஆற்றைப் பார்த்த பிறகு, ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்டாக்டன் – டார்லிங்டன் ரயில் பாதைக்கு இந்த ஆண்டு 200 வயது. 1825 செப்டம்பர் 27 அன்று ஜார்ஜ் ஸ்டீவன்சன் ஓட்டிய இன்ஜின் ஷில்டனிலிருந்து ஸ்டாக்டன் வரை வண்டிகளை இழுத்துச் சென்றது. நிலக்கரியைக் கப்பலேற்ற அந்தப் பாதையை 1830-இல் மிடில்ஸ்பரோவுக்கு நீட்டினார்கள். 1801-இல் அங்கே 25 பேர்தான் இருந்தார்கள்; 1850-இல் எஸ்டன் குன்றுகளில் இரும்புத்தாது கிடைத்தபின் ஊர் மளமளவென வளர்ந்து, 1901-இல் மக்கள்தொகை 90,000-ஐத் தாண்டியது. அந்த நிலக்கரிக் காலம் முடிந்துவிட்டது. சண்டர்லாந்தில் வியர்மவுத் சுரங்கம் இருந்த இடத்தில் 1997 முதல் கால்பந்து மைதானம் இருக்கிறது. அந்த ஊர் உறுப்பினர் ஒருவர் இதைச் சொன்னபோது கூட்டமே அமைதியாகக் கேட்டது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே கொடுத்துவிடுங்கள். பேருந்து வாடகைக்குத் தேவைப்படுகிறது.

வரும் ஆண்டில் வடக்கே போகலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே பலமுறை கைமாறி, 1482-இல் இங்கிலாந்திடம் வந்து நிலைத்த பெரிக்தான் நாம் போகும் முதல் ஊர். பிள்ளைகள் வரையும் பழைய, புதிய கவுண்டி வரைபடங்களையும் அதற்குள் முடித்துவிடலாம்.

இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்