அம்மா ஜாமீனில் வரும்வரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரு பெண்ணை ரிமாண்ட் செய்தால், ‘சேலம் பெண்கள் கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்’ என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அன்று சாயங்காலம் பள்ளிவிட்டு வந்த பிள்ளைக்குச் சோறு போட்டது யார் என்று எந்தச் செய்தியிலும் நான் படித்ததில்லை.

சிவதாபுரம் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அம்மா சாராய வழக்கில் உள்ளே போனார். அப்பா எங்கோ வேலைக்குப் போனவர், திரும்பவே இல்லை. தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு இவள் வருவதற்குள் முதல் பீரியட் முடிந்திருக்கும். ரேங்க் கார்டில் அம்மா கையெழுத்தை இவளே போடுவாள், அம்மா போடுகிற மாதிரியே கோணலாக. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் மாதங்கள் ஓடின. அம்மா வீடு திரும்பியபோது மகள் கொலுசுப் பட்டறையில் சலங்கை பற்றவைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுப் பார்த்தோம். “தம்பி படிக்கட்டும் டீச்சர்” என்றாள். இன்று அவளால் குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டுமே. வழக்கில் அம்மா விடுதலையானது தனிக்கதை.

ஆறு வயது வரை குழந்தை தாயுடன் சிறையில் இருக்கலாம் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படி உள்ளே இருந்த 1,764 குழந்தைகளை தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கை எண்ணி வைத்திருக்கிறது. வெளியே நிற்கும் பிள்ளைகளை யார் எண்ணுகிறார்கள்?

2025-இல் வந்த தமிழக அரசின் அன்புக்கரங்கள் திட்டம், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. நல்ல திட்டம்தான். பெற்றோரில் ஒருவர் இறந்து, மற்றவர் சிறையில் இருந்தால் அந்தப் பிள்ளைக்கும் உண்டு. அப்பா உயிரோடு இருந்து வீட்டுப்பக்கமே வராவிட்டால்? என் மாணவியைப் போன்றவர்கள் அங்கேதான் விடுபடுகிறார்கள். அந்த விதியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும்.

இன்னொன்று, பணமே தேவைப்படாதது. கைது செய்யும்போது உடம்பில் உள்ள மச்சத்தைக்கூட எழுதிக்கொள்கிறார்கள். அதே தாளில் பிள்ளைகளின் பெயரையும் படிக்கும் பள்ளியையும் எழுதி, அன்றைக்கே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் தலைமை ஆசிரியருக்கும் தெரிவிக்கலாம். இரண்டு வாரம் கழித்து வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. அதற்குள் அவள் பட்டறைக்குப் போய்ப் பழகியிருந்தாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சேலம்.