படிப்பகத்து லேப்டாப்புக்கு வைஃபை வரவைத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

கோவில்பட்டியில் எங்கள் தெருப் படிப்பகத்துக்கு வந்த பழைய லேப்டாப் இப்போது வாசல் திண்ணை வரைக்கும் வைஃபை பிடிக்கிறது. பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் உட்கார்ந்தாலும் இணைப்பு அறுவதில்லை. இது தானாக நடந்த காரியமில்லை. கைகொடுத்தவர்களை நேரில் பார்க்கும்போதெல்லாம் வாயால் நன்றி சொல்லியாகிவிட்டது. ஆனாலும் யார் யார் என்ன செய்தார்கள் என்று எழுதி வைக்க வேண்டும் எனத் தோன்றியது. பெயர் போடாதே என்று எல்லோருமே சொல்லிவிட்டார்கள். அவரவருக்குத் தெரியும், போதும்.

முதல் நன்றி லேப்டாப்பைக் கொடுத்தவருக்கு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. இந்த வயதுள்ள மெஷினில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அவர் நினைத்திருந்தால் கிலோ கணக்கில் போட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, தமிழ் விசைப்பலகை வரை சரிபார்த்து, சார்ஜரோடு கொண்டுவந்து தந்தார். அவர் வீட்டில் ஏற்றும்போது இன்டர்நெட்டுக்குக் கேபிள் சொருகி இருந்திருக்கிறார். அதனால் வைஃபை கதை அவருக்கே தெரியாது.

எங்கள் கதை இதுதான். ரூட்டர் பீரோ மேல் இருக்கிறது. லேப்டாப்பை பீரோவை ஒட்டிப் பிடித்தால் இணைப்பு வரும், பக்கம் திறக்கும். நாலடி தள்ளி மேசையில் வைத்தால் வைஃபை பட்டியல் கிட்டத்தட்ட காலி, இணைப்பு கிடைக்காது. அதே மேசையில் கைப்பேசியை வைத்தால் அத்தனை கோடும் நிறைந்து நிற்கும். விண்டோஸ் இருந்த காலத்தில் இதே லேப்டாப் மாடியில்கூட நன்றாகப் பிடித்தது என்று கொடுத்தவர் சத்தியம் பண்ணினார். "லினக்ஸ்னாலே இப்படித்தான்" என்ற பேச்சு அன்றைக்கே தொடங்கிவிட்டது.

"விடுங்க, ஒரு யூஎஸ்பி டாங்கிள் வாங்கிக்கலாம், காசு நான் தாரேன்" என்று முன்வந்தவர்கள் உண்டு. உங்களுக்கும் நன்றி, மனசார. வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. டாங்கிள் என்பது வெளியே சொருகும் வைஃபை கருவி. அதன் அட்டைப்பெட்டியில் உள்ளே எந்தச் சில்லு இருக்கிறது என்று போட்டிருக்க மாட்டார்கள். ஒரே மாடல் பெயரில் பதிப்பு மாறும்போது சில்லும் மாறிவிடும். லினக்ஸுக்குள் டிரைவர் (சில்லை இயக்கும் மென்பொருள்) ஏற்கெனவே இருக்கும் சில்லாக அமைந்தால் சொருகியவுடன் வேலை செய்யும். இல்லையென்றால் எங்கிருந்தோ மூலநிரலை இறக்கி, கம்பைல் பண்ணி, அடுத்த தடவை கர்னலைப் (லினக்ஸின் மையப் பகுதி) புதுப்பிக்கும்போது மறுபடி முதலிலிருந்து. லேப்டாப்புக்குள் இருக்கிற வைஃபை கார்டுக்கு என்ன கேடு என்று தெரியாமல் இன்னொன்றை வாங்குவது எனக்கு ஒப்பவில்லை.

அடுத்து பாலிடெக்னிக் படிக்கும் மேலத்தெருத் தங்கச்சி. அவள் வந்து உட்கார்ந்ததும் தன் கைப்பேசியை யூஎஸ்பி ஒயரில் சொருகி டெதரிங் போட்டாள். கைப்பேசியின் டேட்டா லேப்டாப்புக்கு வந்துவிட்டது. தேடிப் பார்க்கவும் இறக்கவும் வழி கிடைத்தது. அதற்குப் பிறகு அவள் செய்ததை மற்றவர்களும் தெரிந்துகொள்வது நல்லது. கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து, உள்ளே இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை -கே சேர்த்துக் கொடுத்தாள். கார்டு ரியல்டெக்கின் ஆர்டிஎல்8723பிஇ. வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்தது, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். அதன் கீழேயே எந்த டிரைவர் ஓடுகிறது என்ற வரியும் இருந்தது. "அண்ணே, கார்டு தெரியுது. டிரைவர் ஏறியிருக்கு. அப்ப டிரைவர் இல்லைன்னு யாரும் சொல்லக் கூடாது" என்றாள்.

பிறகு கர்னல் பதிவேட்டைப் பார்த்தாள். கார்டு தனக்குள் ஓட்டும் மென்பொருளான ஃபர்ம்வேர் கோப்பு பிழையில்லாமல் ஏறியிருந்தது. அந்தக் கோப்பு லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பில் மின்ட்டோடு கூடவே வருகிறது. வைஃபை அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் கட்டளையில் மென்பொருள் தடையும் இல்லை, பொத்தான் தடையும் இல்லை. மின்சேமிப்பை நிறுத்திப் பார்த்தாள். இந்தக் குடும்பத்துக் கார்டுகளில் அடிக்கடி இணைப்பு அறுவதற்கு அது மருந்து என்று பலரும் சொல்வார்கள். எங்களுக்கோ அறுவது சிக்கலில்லை, எட்டாததுதான் சிக்கல். அது அசையவே இல்லை. மேசையில் வைத்து எடுத்த சிக்னல் அளவு கழித்தல் 88 டிபிஎம். இந்த எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. 88 என்பது செத்த சிக்னல். அந்த அளவை ஒரு நோட்டில் குறித்து வைத்தாள் பாருங்கள், பின்னால் எங்களை வழிநடத்தியது அதுதான். வாய்க்கு வந்ததையெல்லாம் டெர்மினலில் ஒட்டிப் பார்க்காமல் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்த அந்தப் பொறுமைக்காகவே தனி நன்றி.

இப்போது லைன்மேன் மாமா. தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பர் படிக்க வந்தவர், நாங்கள் முட்டி மோதுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை என்பார். ஆனால் அவர் கேட்ட கேள்வியை எங்களில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. "சிக்னல் கொஞ்சம் கொஞ்சமாக் குறையுதா, சட்டுன்னு விழுதா?"

லேப்டாப்பைக் கையில் வாங்கி பீரோவிலிருந்து மெதுவாகப் பின்னால் நடந்தார். தங்கச்சி எண்ணை வாசித்துக்கொண்டே வந்தாள். முதல் ரெண்டு எட்டுக்குள்ளேயே சரசரவென்று விழுந்தது. பக்கத்தில் ஒரு பையன் கைப்பேசியோடு கூடவே நடந்தான். அதில் ஒரு கோடும் குறையவில்லை. மாமா லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு ஏரியல் இல்ல. இருந்தா இப்படி விழாது. வீட்டு போன்ல எரைச்சல்னு கம்ப்ளைன்ட் வந்தா எக்ஸ்சேஞ்சையா போய்ப் பிரிப்போம்? மொதல்ல வாசல்ல தொங்குற டிராப் ஒயரைத்தான் பார்ப்போம்."

தங்கச்சிக்கு அது ஏறவே இல்லை. விண்டோஸில் பிடித்ததே, ஏரியல் இல்லாமல் எப்படிப் பிடிக்கும்? நியாயமான கேள்வி. மாமாவிடம் பதிலில்லை. "அது எனக்குத் தெரியாதும்மா. திறந்து பாரு, ஒயர் இருக்கான்னு" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்கு இந்த மடல் முழுவதும் எழுதலாம்.

திறந்தவர் மார்க்கெட் ரோட்டு மொபைல் கடை அண்ணாச்சி. கடையில் நாலு பேர் நின்றிருந்தும் கையிலிருந்த டிஸ்ப்ளேயை ஓரம் வைத்துவிட்டு இதை எடுத்தார். அடிமூடியைக் கழற்றி லைட்டைக் காட்டினார். விரல் அகலத்தில் பச்சைக் கார்டு. அதன் ஓரத்தில் தங்க நிறத்தில் ரெண்டு பொடிக் குமிழ். ஆன்டெனா ஒயர் திரையின் விளிம்பிலிருந்து கீல் வழியாக இறங்கி வந்து இந்தக் குமிழில்தான் அமர வேண்டும். வந்திருந்தது ஒரே ஒரு கறுப்பு ஒயர். அது ஒரு குமிழில் சிக்கென்று உட்கார்ந்திருந்தது. இன்னொரு குமிழ் மொட்டையாக இருந்தது. அறுந்த ஒயரோ கழன்ற ஒயரோ உள்ளே எங்கும் இல்லை. தயாரித்தபோதே ஒன்றுதான் போட்டிருக்கிறார்கள்.

ஆக, மாமா சொன்னது பாதி சரி. ஏரியல் இருக்கிறது, ஆனால் கார்டு பேசிக்கொண்டிருந்தது மொட்டைக் குமிழோடு. எந்தக் குமிழில் ஆன்டெனா என்ற குறிப்பு கார்டுக்குள் சின்ன நினைவகம் ஒன்றில் பதிந்திருக்கும். லினக்ஸ் டிரைவர் அதைப் படித்து அப்படியே நம்புகிறது. குறிப்பு ஒரு பக்கம், ஒயர் இன்னொரு பக்கம். ஏறக்குறைய பத்தாண்டுக்கு முன் வந்த லேப்டாப்புகள் பலவற்றில் இதே கோளாறு உண்டு என்பது பிறகு தெரிந்தது. கார்டின் மேல் குற்றமில்லை, லினக்ஸின் மேலும் இல்லை.

ஒயரைப் பிடுங்கி அடுத்த குமிழில் மாட்டினால் முடிந்தது என்று நான் அவசரப்பட, அண்ணாச்சி கையை எடுக்கச் சொன்னார். "இந்தக் கனெக்டர் கழட்டிக் கழட்டி மாட்டுற சாமான் இல்ல தம்பி. பிடிப்பு போச்சுன்னா உள்ளதும் போச்சு." இந்த வகைக் கனெக்டரைத் தயாரிப்பாளர்களே முப்பது தடவைக்கு மேல் மாட்டிக் கழற்ற உத்தரவாதம் தருவதில்லை. பழைய மெஷினில் ஏற்கெனவே எத்தனை கை பட்டதோ. மென்பொருளில் வழி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நான் மாற்றித் தருகிறேன் என்று மூடியை முடுக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஸ்க்ரூ ஒன்று கூடுதலாக வந்திருந்தது. அது எங்கள் மெஷினுடையது இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறார்.

வழி இருந்தது. தங்கச்சி மாட்இன்ஃபோ என்ற கட்டளையைக் கொடுத்ததும் அந்த டிரைவர் ஏற்கும் அமைப்புகளெல்லாம் வரிசையாக வந்தன. நடுவில் ஒன்று: ஆன்ட்_செல். ஆன்டெனா எண்ணைக் கட்டாயமாக்க 1 அல்லது 2 கொடுக்கவும், இயல்பில் 0. அவள் திரையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். ஓடிக்கொண்டிருந்த டிரைவரை எடுத்துவிட்டு, 1 கொடுத்து மறுபடி ஏற்றினாள், பழைய கதைதான். 2 கொடுத்து ஏற்றினாள். வைஃபை பட்டியலில் பக்கத்துத் தெருப் பெயர்களெல்லாம் வந்து நிறைந்தன. மேசையில் அதே இடத்தில் கழித்தல் 52. நோட்டில் 88-க்குக் கீழே 52 என்று எழுதினாள். 36 டெசிபெல் வித்தியாசம். ஆற்றல் கணக்கில் ஏறக்குறைய நாலாயிரம் மடங்கு. பையன்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார்கள்.

அந்த அமைப்பை டிரைவரில் சேர்த்தவருக்கும் நன்றி சொல்ல வேண்டும், ஆனால் அவருக்கு இது போய்ச் சேராது. அமெரிக்கரான லாரி ஃபிங்கர் 2024 ஜூனில் காலமானார். கணினி அவருடைய பிழைப்பு இல்லை. படிகவியலாளர், வாஷிங்டனில் கார்னகி நிறுவனத்தின் புவி இயற்பியல் ஆய்வகத்தில் கனிமங்களின் அணு அடுக்கை ஆராய்ந்தவர். எல் சால்வடோரில் இசால்கோ எரிமலைவாயில் புகை வரும் துளைகளில் கிடைத்த செம்பு-வனேடியக் கனிமம் ஒன்றுக்கு அவர் பெயரால் ஃபிங்கரைட் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். லினக்ஸில் வைஃபை என்றாலே தலைவலி என்றிருந்த காலத்தில் இந்த வேலைக்குள் வந்தவர். அப்போது பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சில்லுகளுக்கு விவரக்குறிப்பே கிடையாது. ஒரு குழு சில்லின் நடத்தையைத் துருவி எழுதிவைக்க, இன்னொரு குழு அந்த எழுத்தை மட்டும் படித்து டிரைவர் செய்தது. 2006-இல் 2.6.17 கர்னலோடு அது வெளிவந்தது. பின்னாளில் ரியல்டெக் டிரைவர்களையும் பல ஆண்டுகள் அவர் பராமரித்தார்.

இந்த ஆன்டெனா அமைப்பு 2016-இல் அவர் சேர்த்தது. சேர்க்கும்போது காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறார்: லேப்டாப்பைப் பிரித்து ஒயரை மாற்றினால் உத்தரவாதம் போகலாம், ஒரே மெஷினில் விண்டோஸும் வைத்திருப்பவருக்கு அங்கே வைஃபை கெட்டுவிடும். தங்கச்சியின் கேள்விக்கு விடை அதில்தான் கிடைத்தது. விண்டோஸ் டிரைவர் அந்த ஒயர் இருக்கிற பக்கத்தையே பயன்படுத்தியிருக்கிறது. லைன்மேன் மாமாவிடம் இதைச் சொன்னபோது, "அவரும் நம்மளை மாதிரி லைன் பார்த்த ஆளுதான் போலிருக்கு" என்றார்.

இன்னும் சிலருக்குச் சுருக்கமாக. அந்த வாரம் முழுக்கக் கேபிள் இழுக்க ஜன்னலைத் திறந்து வைத்திருந்த பக்கத்து வீட்டு அத்தைக்கு நன்றி. சிக்னலை அளக்க அறைக்கும் வாசலுக்குமாக ஓடிய பிள்ளைகளுக்கு நன்றி. "லினக்ஸ்னாலே இப்படித்தான்" என்று சொன்னவர்களுக்கும் ஒரு வணக்கம், திண்ணைக்கு வாருங்கள்.

இதே கார்டு, இதே சிக்கல் உள்ளவர்களுக்கு: ஈடிசி கோப்புறைக்குள் மாட்புரோப்.டி என்ற இடத்தில் பெயர் .கான்ஃப் என்று முடியும் ஒரு சின்னக் கோப்பு உண்டாக்கி, ஆப்ஷன்ஸ், எல்எஸ்பிசிஐ காட்டிய டிரைவர் பெயர், ஆன்ட்_செல்=2 என்ற மூன்றையும் இடம் விட்டு ஒற்றை வரியாக ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டால் ஒவ்வொரு தடவை இயக்கும்போதும் அது தானாக எடுத்துக்கொள்ளும். உங்கள் மெஷினில் 2-க்குப் பதில் 1 ஆகவும் இருக்கலாம். லினக்ஸைப் புதிதாக ஏற்றினால் இந்த வரி அழிந்துவிடும். அதனால் தங்கச்சி அதை ஒரு தாளில் எழுதி லேப்டாப்பின் அடியில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறாள். தயவுசெய்து யாரும் கிழித்துவிடாதீர்கள்.

எல்லோருக்கும் ஆளுக்கொரு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கி வைத்தோம். மற்றவர்களெல்லாம் வாங்கிக்கொண்டார்கள். அண்ணாச்சி, உங்கள் பாக்கெட்டும் அந்த ஸ்க்ரூவும் இன்னும் மேசை டிராயரில்தான் இருக்கின்றன. ராத்திரி எட்டு மணி வரை திறந்திருப்போம்.

அன்புடன்,
படிப்பகப் பொறுப்பாளர்