உலக வரலாறு ஒரு தாளில் அடங்காது: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வரலாற்றுப் பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

இளங்கலை வரலாற்றில் இரண்டு தாள்களாக இருந்த உலக வரலாற்றை இந்தக் கல்வியாண்டில் ஒன்றாக்கிவிட்டீர்கள். திறன் மேம்பாட்டுத் தாளுக்கு மணி நேரம் வேண்டியிருந்தது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த இரண்டு தாள்களையும் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவே ஒரு கௌரவ விரிவுரையாளனாக இதை எழுதுகிறேன்.

புதிய தாளின் முதல் யூனிட் 'தொன்மை நாகரிகங்கள்'. எகிப்து, மெசபடோமியா, சீனா, கிரேக்கம், ரோம், மாயா, அஸ்டெக், இன்கா எல்லாம் அதற்குள்ளேயே. கீசாவின் பெரிய பிரமிடு கி.மு. 26ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மெக்சிகோவின் அஸ்டெக்குகள் தங்கள் தலைநகர் டெனோச்டிட்லானை அமைத்தது கி.பி. 1325 வாக்கில், அதாவது தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்து முந்நூறு ஆண்டுக்கு மேல் கழித்து. தென் அமெரிக்காவின் இன்காக்கள் கட்டிய மலை நகரம் மச்சு பிச்சு அதற்கும் பிந்தியது. இவை எந்தக் கணக்கில் எகிப்தோடு ஒரே யூனிட்டில் உட்காருகின்றன?

இதன் விளைவைத் தேர்விலேயே பார்த்துவிட்டோம். 'சமகால நாகரிகங்களான எகிப்தையும் அஸ்டெக்கையும் ஒப்பிடுக' என்று பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு வினா. என் மாணவி ஒருத்தி, இவை சமகாலத்தவை அல்ல, பெரிய பிரமிடுக்கும் டெனோச்டிட்லானுக்கும் நடுவே 3,800 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் ஒப்பிட்டும் காட்டியிருந்தாள். கிடைத்தது பத்துக்கு இரண்டு. கட்டணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தோம். அந்த 3,800ஐச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. விடைக்குறிப்பில் அப்படி ஏதும் இல்லை என்றார்கள். கைடைப் பார்த்து அப்படியே ஒப்பித்தவர்களுக்கு ஏழும் எட்டும். திருத்தியவரை நான் குறை சொல்லப்போவதில்லை. ஒரு நாளைக்கு அத்தனை விடைத்தாளைத் திருத்துகிறவருக்குக் கேள்விக்குறி போடவாவது நேரம் கிடைத்ததே!

மற்ற யூனிட்டுகளும் இப்படித்தான். நம் தாளில் சீனாவைத் தொன்மைக்குப் பிறகு 1839இல் அபின் போரில்தான் மறுபடி பார்க்கிறோம். நடுவில் டாங், சோங், மிங் அரச மரபுகள் எதுவும் இல்லை. மிங் பேரரசின் கடற்படைத் தளபதி செங் ஹ இலங்கையின் காலி நகரில் நிறுவிய கல்வெட்டு, சீனம், பாரசீகத்தோடு தமிழிலும் வெட்டப்பட்டது. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் ஏன் அங்கே தமிழில் வெட்டினார் என்று ஒரு பையன் கேட்டால், 'சிலபஸில் இல்லை' என்றுதான் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கா 1884-85 பெர்லின் மாநாட்டில் ஐரோப்பிய நாடுகளால் கூறுபோடப்படுவதற்காக மட்டும் வருகிறது. 1324இல் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசர் மன்சா மூசா மக்கா போகும் வழியில் வாரி இறைத்ததில் கெய்ரோவில் பொன் விலையே சரிந்தது. அவருக்கு ஒரு வரி கிடையாது. பிரெஞ்சுப் புரட்சிக்கு ஒரு முழு யூனிட் உண்டு. அதே பிரான்சின் காலனியில் 1791இல் கிளர்ந்தெழுந்து, நெப்போலியன் அனுப்பிய படையையும் தோற்கடித்து, 1804இல் ஹைட்டி என்ற நாட்டை அமைத்த அடிமைகளுக்கு அரை வரிகூட இல்லை.

போட்டித் தேர்வுக்கு இது போதும் என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் பொதுப் பாடத்தாள் காலனியாதிக்கத்தோடு அதன் முடிவையும் கேட்கிறது. நம் தாளோ 1945இல் கடையைச் சாத்திவிடுகிறது. 1957இல் கானா, 1960 ஒரே ஆண்டில் பதினேழு ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றதை எங்கே போய்ப் படிப்பது?

தமிழ் வழி மாணவர்கள் பாடு இன்னும் மோசம். எங்கள் நூலகத்தில் உலக வரலாற்றுக்குத் தமிழில் இருப்பது பழுப்பேறிய பழைய பாடநூல்கள் சில. அட்டை பிரிந்தவற்றை வெளியே தருவதில்லை. புதிதாய் வருவதெல்லாம் கைடு. கௌரவ விரிவுரையாளருக்குச் சம்பளம் மாதா மாதம் வருவதில்லை என்பதையும் சொல்ல ஆரம்பித்தால் மடல் நீண்டுவிடும். அது உங்கள் கையில் இல்லை. மன்னிக்கவும், உங்கள் கையில் இருப்பதற்கே வருகிறேன்.

உலக வரலாற்றை மறுபடி இரண்டு தாள்களாக்குங்கள். 1500 வரை ஒன்று, அதற்குப் பின் இன்னொன்று. எந்த நாகரிகம் எந்தக் காலத்தில் இருந்ததோ அந்தக் காலத்தில் வையுங்கள். அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் இதைச் சேர்த்து, வகுப்பு எடுக்கிற எங்களில் ஒருவரையும் அழைத்துப் பேசவிடுங்கள். அந்த வினாவுக்கான விடைக்குறிப்பைத் திருத்தி, சரியாக எழுதிய பிள்ளைகளுக்குரிய மதிப்பெண்ணை வழங்கும்படி தேர்வுத் துறைக்குப் பரிந்துரைக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அரசு கலைக் கல்லூரி ஒன்றின் வரலாற்றுத் துறை கௌரவ விரிவுரையாளர்