டாய்லி போடத் தெரிஞ்சா மட்டும் டீச்சர் ஆயிட முடியாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மகளிர் பக்கத்துல குரோஷே (கொக்கி ஊசியால நூல் பின்னறது) டீச்சர் சர்டிபிகேட் வாங்கி வீட்டுலயே கிளாஸ் எடுக்கலாம்னு போட்டிருந்தீங்க, நல்ல விஷயம்தான், ஆனா பணம் கட்டறதுக்கு முன்னாடி பெண்கள் ஒண்ணு தெரிஞ்சுக்கணும்னுதான் இத எழுதறேன்.

நான் மும்பை செம்பூர்ல இருக்கேன். இங்க ஒரு இடத்துல மூணு மாச டீச்சர் டிரெய்னிங்னு சேர்ந்தேன். டாய்லி (மேஜை மேல போடற சின்ன பின்னல் விரிப்பு), பேபி கேப், சால்வைன்னு பன்னெண்டு உருப்படி போட்டுக் காட்டினோம், சர்டிபிகேட் குடுத்துட்டாங்க. எங்க, இன்னொருத்தருக்கு சொல்லிக்குடு பாக்கலாம்னு ஒரு நாள் கூட விடல.

அத நம்பி தாராவில ஞாயித்துக்கிழமை ஆறு பொண்ணுங்களுக்கு ஆரம்பிச்சேன். முதல் நாளே ஒரு பொண்ணு இடது கைக்காரி, நான் பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல அவளுக்கு நூல் சிக்கிக்கிட்டே போச்சு, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. எதிர்ல உக்காந்து போட்டுக் காட்டினா கண்ணாடில பாக்கற மாதிரி அவ கைக்கு அப்படியே வந்துடும்னு பக்கத்து வீட்டு மராத்தி ஆஜி (பாட்டி) சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சது. இன்னொருத்தி போட்ட சதுரம் வரிக்கு வரி குறுகி முக்கோணமா ஆயிட்டே போச்சு. பிரிச்சுப் போடுன்னு மூணு தடவை சொன்னேன், ஏன் குறுகுதுன்னு சொல்லத் தெரியல. வரி முடிஞ்சு திரும்பும்போது போடற மூணு செயினும் (சங்கிலிக் கண்ணி) சேர்ந்து ஒரு டபுள் (உயரமான ஒரு பின்னல், அமெரிக்கப் பேர்ல) கணக்கு, அடுத்த வரி முடியறப்ப அந்த செயினோட தலைல ஒண்ணு குத்தணும், அவ ஒவ்வொரு வரிலயும் அத விட்டுட்டே வந்திருக்கா. எனக்கு கை தானா குத்திடும், அதனால அது சொல்லிக்குடுக்க வேண்டிய விஷயம்னே தோணல.

பின்னல்களோட பேரும் குழப்பம்தான். அமெரிக்கா பேட்டர்ன்ல சிங்கிள்னு போட்டிருக்கறது பிரிட்டிஷ் பேட்டர்ன்ல டபுள், அமெரிக்கா டபுள் பிரிட்டிஷ்ல ட்ரெபிள், ஆஜி கிட்ட போனா மராத்தில முகா காம்ப், காம்ப்னு வேற சொல்லுவாங்க. எந்த ஊர் பேட்டர்ன்னு முதல்ல பாக்கணும்னு சொல்லாம விட்டதுல ஒரு தொப்பி பாதி உயரத்துல நின்னுடுச்சு.

அமெரிக்காவுல கிராஃப்ட் யார்ன் கவுன்சில்னு நூல் கம்பெனிங்களோட சங்கம் நடத்தின டீச்சர் பயிற்சில சாம்பிள் பின்னி அனுப்பறதோட, நிஜமா கிளாஸ் எடுத்த மணி நேரத்தையும் கணக்கு காட்ட வேண்டியிருந்துச்சு. இங்கயும் அப்படித்தான் இருக்கணும். 2016-ல சென்னைல மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழு 11,148.5 சதுர மீட்டர்ல போர்வை போட்டு கின்னஸ்ல வந்தாங்க, போடத் தெரிஞ்ச கைகளுக்கு நம்ம பக்கம் குறைச்சலே இல்ல, சொல்லிக்குடுக்கத்தான் ஆள் வேணும்.

அடுத்த தடவை இந்த மாதிரி கட்டுரை போடறப்ப, எங்கள கிளாஸ் எடுக்கவிட்டு நீங்க கூட நின்னு திருத்துவீங்களா, எத்தன மணி நேரம்னு பயிற்சி குடுக்கறவங்க கிட்ட கேட்டுட்டு அப்புறம் ஃபீஸ் கட்டுங்கன்னு ஒரு வரி சேர்த்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை