சாளை வரும் காலம்

குளச்சல்,
கார்த்திகை 12

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. கடலூரில் மத்தியை, அதாவது நாம் சாளை என்று சொல்லும் அதே மீனை, லாரிகளில் ஏற்றிக் கேரளத்துக்கு அனுப்புவதைப் பார்த்ததாகவும், நம் ஊர்ச் சாளை குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு உங்கள் பக்கம் குடியேறிவிட்டதோ என்றும் எழுதியிருந்தாய். கேள்வி வேடிக்கையாக இருந்தாலும், ஒரு வாரமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆடி மாதத்தில் கடலில் கால் நனைத்தால் தண்ணீர் சில்லென்று இருக்கும் என்பது உனக்கு நினைவிருக்கும். மழை பெய்ததால் குளிர்ந்தது என்று நாம் அப்போது நம்பினோம், அது தவறு. இடவப்பாதி என்று நாம் சொல்லும் தென்மேற்குப் பருவமழைத் தொடக்கத்துக்குப் பிறகு வடமேற்கிலிருந்து கரையோரமாக வீசும் காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேல்நீரைக் கரையைவிட்டு விலக்கித் தள்ள, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே வருகிறது. தென்முனையில் தொடங்கி மலபார் வரை வடக்கே பரவும் இந்த மேலெழுச்சி புரட்டாசி, ஐப்பசியில்தான் அடங்குகிறது. அந்தச் சத்தில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருகுகின்றன. அவற்றுள் பிராகிலேரியா ஓஷியானிகா என்ற டயாட்டம் மிகுந்திருக்கும் காலமும் சாளை மிகுந்திருக்கும் காலமும் ஒத்துப்போவதை 1950களிலேயே ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள்.

சாளை முட்டையிடுவதும் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதே கொந்தளிப்பான கடலில்தான். குஞ்சு பிறக்கும்போதே இரை தயாராக இருக்கிறது. மழை ஓய்ந்து கடல் அடங்கும்போது அந்தக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகக் கரையை ஒட்டி வருகின்றன; பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கூடாது என்று கேரளத்தில் விதி வைத்திருப்பது இவற்றைக் காக்கத்தான். தின்று கொழுத்து, ஐப்பசியிலிருந்து மார்கழி வரை உடம்பில் நெய் ஏறும். நெய்ச்சாளை என்ற பெயருக்கு முழுத் தகுதி உடையது அந்தப் பருவத்து மீன் மட்டுமே. நேற்று எங்கள் வீட்டில் மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கோடு வைத்த புளிமுளம் என்ற மீன் குழம்பில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்திருந்தால் நீ அடுத்த ரயிலிலேயே கிளம்பியிருப்பாய். மாசி, பங்குனியில் கூட்டங்கள் கலைந்து ஆழத்துக்கு விலகிவிடுகின்றன. பிறகு முட்டை திரளத் திரள அந்த நெய் கரைந்துபோகிறது.

சாளையின் ஆயுள் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள்தான். ஆகவே ஒரு மழைக்காலம் தவறினால், அதாவது மேலெழுச்சி முன்பின்னாகவோ பலமற்றோ அமைந்தால், அடுத்த ஆண்டே வலை வெறுமையாகிவிடும். கேரளத்தில் 2012இல் ஏறக்குறைய 3.9 லட்சம் டன் கிடைத்த மீன், 2021இல் 3,297 டன்னாகச் சுருங்கியது. இதற்கு முழுக்க, மீன் கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் ரிங் வலையைக் குற்றம் சாட்டுபவர்களோடும், முழுக்க, பசிபிக் கடல் வெப்பமாகி வானிலையை மாற்றும் எல் நினோவைக் குற்றம் சாட்டுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கடல் இளைத்திருக்கும் ஆண்டில் குஞ்சையும் வாரினால் இரண்டும் சேர்ந்தே அடிக்கும்.

உங்கள் பக்கத்து மத்தியை நம் ஊரிலிருந்து வந்த விருந்தாளியாக நினைக்க வேண்டியதில்லை. கிழக்குக் கரையில் அது முன்பும் அற்பசொற்பமாக இருந்ததுதான். 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகே மீன்பிடிக் கணக்கில் சொல்லத்தக்க அளவுக்குப் பெருகியது. கடல் வெப்பமாவதை அதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் வங்கக் கடலின் காற்றும் மழையும் வேறு. எங்கள் ஆவணியும் கார்த்திகையும் உங்கள் மீனுக்கு அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அதனால் உன்னிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை ஒரு கிலோ மத்தி வாங்கி, அரிவதற்கு முன் நீளத்தை அளந்து, வயிற்றில் முட்டை இருந்ததா நெய் இருந்ததா என்று நாட்குறிப்பில் எழுதி வை. நான் இங்கே ஐப்பசியிலேயே தொடங்கிவிட்டேன். சித்திரைத் திருவிழாவுக்கு நீ வரும்போது இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். உங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், அந்த மாதத்து மீனை முன்னதாகவே வாங்கிவிடு.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்